கொல்லைப்புற உற்பத்தியும் குடும்பத் தன்னிறைவும்

நாட்டின் உற்பத்தி என்றதும் வயலும் ஆலையும் சுரங்கமும் சந்தையுமே நினைவுக்கு வருகின்றன. வீட்டின் பின்புறம் கிடக்கும் ஐந்து சென்ட் நிலம், கிணற்றடியில் வழிந்தோடும் கழிவுநீர், தொழுவத்துச் சாணம், முற்றத்தில் மேயும் கோழிகள் ஆகியவையும் உற்பத்திச் சாதனங்களே என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் கிராமக் குடும்பம் உண்பதிலும் எரிப்பதிலும் ஒரு கணிசமான பகுதி சந்தைக்குச் செல்லாமல், வீட்டு எல்லைக்குள்ளேயே தோன்றி வீட்டு எல்லைக்குள்ளேயே முடிகிறது.

இவ்வுற்பத்தியைப் பெருக்கும் முயற்சி புதியதன்று. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவகர்கள் காய்கறி விதைகளையும் எருக்குழி யோசனைகளையும் வீடு வீடாகக் கொண்டு சென்றனர். 1960-களில் பரவிய செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டம் தோட்டத்தையும் கோழி வளர்ப்பையும் ஊட்டச்சத்துக் கல்வியோடு இணைத்தது. 1981-82-இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டமும், அதே பத்தாண்டில் மேம்பட்ட அடுப்புத் திட்டமும் வந்தன. இன்று மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக ஊட்டச்சத்துத் தோட்டங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. இத்திட்டங்களுள் சில நிலைத்தன. பல, அலுவலர் மாறியதும் மறைந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? விதை, கடன், மானியம் ஆகியவற்றில் மட்டும் விடை தேடினால் போதாது. வீட்டுப் பெண்ணின் நேரம் என்ற, கணக்கேட்டில் இடம்பெறாத வளத்தையும் சேர்த்து நோக்க வேண்டும்.

தன்னிறைவு என்பதன் பொருள்

குடும்பத் தன்னிறைவு என்பது தேவையான அனைத்தையும் குடும்பமே விளைவித்துக்கொள்வது அன்று. அது இயலாதது, இயன்றாலும் சிக்கனமானதன்று. உப்பையும் துணியையும் மண்ணெண்ணெயையும் பரிமாற்றத்தின் மூலமே நம் கிராமங்கள் பெற்றுவந்துள்ளன. பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் பொருளியல் பயின்று, 1934-இல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பணிகளை நடத்தியவர் அவர். சமச்சீர் உணவுக்கேற்ற சாகுபடியைப் பற்றிக் கணக்கிட்டபோது, ஒரு லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்துக்குத் தானியம், பயறு, எண்ணெய் வித்து, காய்கறி ஆகியவற்றுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்றே அவர் வகுத்தார். அவரது கணக்கின் அலகு தனிக் குடும்பம் அன்று. கிராமங்களின் தொகுதியே ஆகும்.

அவ்வாறாயின் குடும்பத்தின் பங்கு யாது? சில பொருள்கள் விரைவில் வாடும். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் விலை ஏறும். வருமானம் குறையும்போது குடும்பம் முதலில் கைவிடுவதும் அவற்றையே. கீரை, காய், பழம், முட்டை ஆகியவை இவ்வகையின. இவற்றை வீட்டிலேயே பெறுவதும், எரிபொருளுக்கும் எருவுக்கும் ஆகும் செலவைக் குறைப்பதுமே குடும்பத் தன்னிறைவின் நடைமுறைப் பொருளாகும். குடும்பத்தைச் சந்தையிலிருந்து விலக்குவதன்று இதன் நோக்கம்; சந்தையின் ஏற்றத்தாழ்வு குழந்தையின் தட்டை எட்டாதவாறு காப்பதே ஆகும்.

இதன் அவசரத்தைப் புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. வயிறு நிரம்புவதும் ஊட்டம் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காய்கறித் தோட்டம்: நிலமும் நீரும்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் கிழங்கும் சேர்த்து 300 கிராம் வேண்டும் என்றன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ. ஐந்து சென்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர் நிலத்தில் பாதையும் வேலியும் எருக்குழியும் போக 150 சதுர மீட்டர் பயிருக்குக் கிடைக்கும். ஒரு போகத்தில் சதுர மீட்டருக்கு ஒன்றேமுக்கால் கிலோ வீதம் இரு போகம் விளைந்தால் 525 கிலோ ஆகும். எனவே ஐந்து சென்ட் நிலம் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்ற பரிந்துரை தவறானதன்று.

நிலத்தைக் கணக்கிடும் அளவுக்கு நீரைக் கணக்கிடாமை பல தோட்டங்கள் கோடையில் அழிவதற்குக் காரணமாகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். வறண்ட மாதங்களில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் நீர் வேண்டும் எனக் கொண்டால், 150 சதுர மீட்டருக்கு 600 முதல் 750 லிட்டர் தேவை. 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுகோல் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐவருக்கு 275 லிட்டர். இதில் மூன்றில் இரண்டு பங்கு, குளித்த நீராகவும் பாத்திரம் கழுவிய நீராகவும் திரும்பக் கிடைத்தாலும் 180 லிட்டரே தேறும். அந்நீர் 40 சதுர மீட்டருக்கு, அதாவது ஒரு சென்ட் நிலத்துக்கு மட்டுமே போதும்.

ஆகவே தோட்டத்தின் பரப்பு பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டும். மழைக்காலத்தில் ஐந்து சென்ட்டிலும் அவரை, புடலை, பூசணி, வெண்டை பயிரிடலாம். கோடையில் கழிவுநீர் பாயும் ஒரு சென்ட்டில் தண்டுக்கீரை, பசலை, கத்தரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சிய இடத்தில் வேரூன்றிய பின் அதிக நீர் கேளாத முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவை நிற்கலாம். சாம்பலும் சிகைக்காயும் கொண்டு கழுவிய நீரைவிட, சோப்புத்தூள் மிகுந்த நீர் மண்ணுக்குத் தீங்கானது. துணி துவைத்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் விட்டு, சமையலறை நீரைக் கீரைப்பாத்திக்குப் பாய்ச்சுவது நல்ல வழக்கமாகும். கழிப்பறை நீர் இவ்விரண்டோடும் கலத்தல் ஆகாது.

இடத்தின் இயல்பையும் கருத வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையை இரு பருவங்களில் பெறும் கேரளத்தில், தென்னையின்கீழ் மிளகும் வாழையும் சேனையும் சேம்பும் அடுக்கடுக்காக வளரும் வீட்டுத்தோட்டம் தலைமுறைகளாக நிலைத்துள்ளது. அசாமில் பாக்கும் வெற்றிலையும் மூங்கிலும் சிறு குளமும் சேர்ந்த ‘பாரி’ என்னும் வீட்டுத்தோட்டமும் அத்தகையதே. ஜூன் முதல் செப்டம்பர்வரை மட்டுமே மழை காணும் புந்தேல்கண்டுக்கு அதே வரைபடத்தை அனுப்பினால் அது காகிதத்தில் மட்டுமே பசுமையாக இருக்கும்.

புழக்கடைக் கோழி

2019-இல் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்ததாகத் தெரிவித்தது. அவற்றில் ஏறத்தாழ 31.7 கோடி, வீட்டுப் புறங்களில் வளர்ந்தவை. 2012-ஐ ஒப்பிட இது 45 சதவீதத்துக்கும் அதிகமான உயர்வு. பெரும்பண்ணைகள் பெருகிய காலத்திலும் முற்றத்துக் கோழி மறையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் சமையல் கழிவையும் உண்டு முட்டையாக மாற்றும் இப்பறவைக்குத் தீவனச் செலவு மிகக் குறைவு.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 60 முட்டை இடும். ஆறு கோழிகள் உள்ள வீட்டில் 330 முட்டை கிடைப்பதாகக் கொள்வோம். அடைவைக்க 100 ஒதுக்கினால் எஞ்சும் 230, இரு குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று நாளைக்கொரு முட்டை வீதம் வரும். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘வனராஜா’ போன்ற இனங்கள் புழக்கடையிலேயே 100 முட்டைக்குமேல் இடக்கூடியவை. ஆனால் அவை அடைகாப்பதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை வெளியிலிருந்து பெற வேண்டும். குஞ்சுகளை முதல் சில வாரங்கள் வெப்பமளித்துக் காக்கவும் வேண்டும். குஞ்சு வழங்கும் மையம் அருகில் இல்லாத ஊரில், அதிகம் இடும் இனத்தைவிடத் தானே அடைகாத்துப் பெருகும் இனமே தன்னிறைவுக்கு உகந்தது. இரண்டும் கலந்து வளர்ப்பதும் உண்டு. வனராஜாவின் முட்டையை நாட்டுக்கோழியின்கீழ் அடைவைக்கும் குடும்பங்கள் இக்குறையைத் தாமே தீர்த்துக்கொள்கின்றன. எனினும் அடுத்த தலைமுறையில் இனத்தின் சிறப்பு படிப்படியாகக் குறையும்.

கோழி வளர்ப்பின் பெரும்பகை வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். குமாவோன் மலைப்பகுதி ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இந்நோய், ஒரே வாரத்தில் ஊரின் கோழிகள் அனைத்தையும் கொண்டுபோகக்கூடும். முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஆர்.டி.வி.கே. எனப்படும் தடுப்பூசியும் இட்டால் இதைத் தடுக்கலாம். மருந்தின் ஒரு குப்பி நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கு உரியது; திறந்தபின் சில மணி நேரமே பயன்படும். ஆறு கோழிக்காக ஒரு வீட்டார் குப்பி வாங்குவதில்லை. குழுவாகச் சேர்ந்து ஒரே நாளில் தெரு முழுவதற்கும் போட்டால் செலவு அற்பம். குடும்பத் தன்னிறைவு அண்டை வீட்டின் ஒத்துழைப்பையே சார்ந்து நிற்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சாணம்: எரிபொருளா, எருவா?

சாணத்தை வறட்டியாக எரித்தால் எரு இல்லை. எருவாக இட்டால் எரிபொருள் இல்லை. இவ்விரு பயனையும் ஒருங்கே தருவது சாண எரிவாயுக் கலன். 1939-இல் புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வுகளும், 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த மிதக்கும் மூடிக் கலனும், அதை ஏற்றுப் பரப்பிய கதர் கிராமத் தொழில் ஆணையமும், 1984-இல் வந்த செலவு குறைந்த ‘தீனபந்து’ வடிவமும் இதன் வளர்ச்சிப் படிகள். நாட்டில் இதுவரை ஏறத்தாழ 50 லட்சம் குடும்பக் கலன்கள் அமைக்கப்பட்டுள்ளன.

ஒரு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு நீரும் தேவை. கிடைக்கும் வாயு சுமார் 3.5 கிலோ விறகுக்கு, அல்லது 0.43 கிலோ சமையல் வாயுவுக்கு ஈடாகும். முப்பது நாள் முழுமையாக இயங்கினால் மாதம் ஒரு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவான பயன் உண்டு. வெளிவரும் கரைசலோ, தழைச்சத்து இழக்காத எரு.

ஆயினும் அமைந்த கலன்கள் அனைத்தும் இயங்குவதில்லை. இரு மாடுகள் நாளொன்றுக்கு 20 கிலோ சாணம் இடும் எனினும், அவை பகல் முழுதும் வெளியே மேய்ந்தால் பாதி மேய்ச்சல் நிலத்திலேயே விழும். குறைந்தது மூன்று மாடுகளேனும் தொழுவத்தில் கட்டித் தீனியிடப்படும் வீட்டுக்கே இது பொருந்தும். மழை பொய்த்த ஆண்டில் மாட்டை விற்றால் கலனும் நின்றுவிடும். வட மாநிலங்களின் குளிர்காலத்தில் வாயு குறையும். மேம்பட்ட அடுப்புத் திட்டமும் இதே பாடத்தைத் தந்தது. 2002-இல் அத்திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. விரிசல் கண்ட அடுப்பைப் பழுதுபார்ப்பவர் ஊரில் இல்லாததாலும், குடும்பத்தின் பாத்திரத்துக்கும் விறகுக்கும் அடுப்பு பொருந்தாததாலும் அவற்றுள் பல பயனற்றுப் போயின. அமைத்த எண்ணிக்கை சாதனையின் அளவுகோல் ஆகாது. மூன்றாம் ஆண்டிலும் எரியும் அடுப்பே அளவுகோல்.

கணக்கில் வரும் கீரை, கணக்கில் வராத உழைப்பு

வீட்டு உற்பத்தியின் மதிப்பு எவ்வாறு அளவிடப்படுகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். நாட்டுக் கணக்கு முறையின் பன்னாட்டு விதிகளின்படி, சொந்த நுகர்வுக்காக விளைவித்த கீரையும் முட்டையும் உற்பத்தியில் சேரும். அக்கீரையைச் சமைக்கும் உழைப்பு சேராது. நுகர்வுச் செலவு ஆய்வில் வீட்டு விளைபொருள், கடை விலையில் அன்றிப் பண்ணை விலையிலேயே மதிப்பிடப்படுவது வழக்கம். எனவே கடையில் வாங்கிய கத்தரிக்காயைவிடக் கொல்லையில் பறித்த கத்தரிக்காய் புள்ளிவிவரத்தில் மலிவாகிறது. தட்டில் இரண்டும் ஒன்றே.

உழைப்போரின் நிலை இன்னும் நுட்பமானது. தேசிய மாதிரி ஆய்வில், ஆண்டின் பெரும்பகுதியை வீட்டு வேலையில் கழிப்பவருக்குக் குறியீடு 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் ஆகியவற்றைச் சேகரித்தும் வீட்டுக்காகத் தைத்தும் உழைப்பவருக்குக் குறியீடு 93. இவ்விரு குறியீட்டினரும் உழைப்புப் படைக்குப் புறம்பானவர்களாகவே கருதப்படுகின்றனர். இக்குறையை உணர்ந்தே 1977-78-இன் 32-ஆவது சுற்றில், வீட்டு வேலையில் இருப்பதாகப் பதிவான பெண்களிடம் காய்கறித் தோட்டம், கோழி, பால்மாடு, வறட்டி தட்டுதல் ஆகியவை குறித்துத் துணைக் கேள்விகள் கேட்கப்பட்டன.

2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இவ்வுழைப்பின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அவ்வேலையில் பங்கேற்ற பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதமே.

இதன்மேல் நமது திட்டங்களை வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு மணி, கோழிக்கு இருபது நிமிடம், சாணம் அள்ளிக் கரைத்துக் கலனில் விடுவதற்கு நாற்பது நிமிடம் எனக் கொண்டால், கூடுதல் சுமை இரண்டு மணி நேரம். ஐந்து மணி நேர வேலை ஏழாகிறது. கூலி வேலைக்கும் செல்லும் பெண்ணுக்கு இவ்விரு மணி எங்கிருந்து வரும்? உறக்கத்திலிருந்தோ, குழந்தையைக் கவனிக்கும் நேரத்திலிருந்தோ, பள்ளிக்குச் செல்ல வேண்டிய மகளின் காலையிலிருந்தோதான் வரும். செலவில்லாத திட்டம் என்று அறிக்கையில் எழுதப்படுவது, பல வேளைகளில் செலவு யாருக்கு என்று எழுதப்படாத திட்டமே.

வருவாயின் இயல்பையும் கருத வேண்டும். 550 கிலோ காய்கறிக்குக் கிலோ 30 ரூபாய் என்று விலை வைத்தால் 16,500 ரூபாய் மிச்சம் என்று சொல்லத் தோன்றும். அக்குடும்பம் முன்னர் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ வாங்கியிருந்தால்தான் அது மிச்சமாகும். அரைக் கிலோ மட்டுமே வாங்கிய குடும்பத்துக்குப் பணமாக மிஞ்சுவது 5,500 ரூபாயே. எஞ்சியது கூடுதல் உணவாக உடலில் சேர்கிறது. அதற்குக் கடன் தவணை கட்டும் ஆற்றல் இல்லை. எனவே இத்தகைய திட்டங்களைப் பெருங்கடனில் தொடங்குவது பொருந்தாது. தவணைக்காக முட்டையை விற்று, குழந்தைக்கு வெறுஞ்சோறு இடும் நிலை வந்தால் திட்டத்தின் நோக்கமே தலைகீழாகிவிடும்.

எது முதலில்?

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை தானே புலப்படுகிறது. நேரத்தை மீட்டுத் தரும் திட்டம் முன்னும், நேரத்தைக் கேட்கும் திட்டம் பின்னும் வர வேண்டும்.

முதற்படி, வீட்டு வாசலில் குடிநீரும் எளிதில் கிட்டும் எரிபொருளும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைப் பரவலாக்கியது. எனினும் மறு சிலிண்டரின் விலை தாங்காத வீடுகளில் விறகு தொடர்கிறது. மாடுள்ள வீட்டில் சாண எரிவாயுவும், இல்லாத வீட்டில் நன்கு கட்டப்பட்ட புகையில்லா அடுப்பும் துணை செய்யலாம். இரண்டாம் படி, கழிவுநீர் பாயும் ஒரு சென்ட் கீரைப்பாத்தியும் நான்கைந்து மரங்களும். இதற்கு நாளொன்றுக்குக் கால் மணி போதும். மூன்றாம் படி, தடுப்பூசி உறுதியான ஊர்களில் ஆறு கோழி. இவை மூன்றும் ஓராண்டு நிலைத்த பின்னரே ஐந்து சென்ட் தோட்டத்தையும் பெரிய எருக்குழியையும் எண்ண வேண்டும். அப்போதும் நிலம் கொத்துதல், வேலி கட்டுதல், சாணம் சுமத்தல் ஆகியவை ஆண்களின் பங்காக முதலிலேயே பேசி முடிவு செய்யப்பட வேண்டும்.

வட்டார அலுவலர்கள் ஒரு வீட்டில் திட்டத்தைத் தொடங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காண்பது பயன் தரும். கோடையில் இவ்வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் கிடைக்கிறது? இரவில் தொழுவத்தில் எத்தனை மாடுகள் கட்டப்படுகின்றன? இப்பெண் விடியலில் எத்தனை மணிக்கு எழுகிறார்? புதிய வேலையை யார் செய்வார்? முதல் இரண்டும் பொறியியல் கேள்விகள் போலத் தோன்றும். பின்னிரண்டும் குடும்ப விவகாரம் போலத் தோன்றும். நான்கும் பொருளாதாரக் கேள்விகளே.

தன்னிறைவு பெற்ற குடும்பம் என்பது ஓய்வின்றி உழைக்கும் குடும்பம் அன்று. விலை ஏறிய வாரத்திலும் தட்டில் கீரை குறையாத குடும்பம் அது. அக்கீரையைப் பறித்த பெண்ணும் அமர்ந்து உண்பதற்கு நேரமுள்ள குடும்பம் அது. கொல்லைப்புறத்தின் விளைச்சலோடு இந்நேரத்தையும் சேர்த்து அளக்கத் தொடங்கினால், நல்ல திட்டங்கள் மூன்றாம் ஆண்டில் மறைந்துபோகும் நிலை பெரிதும் மாறும்.